பேட்டரியைக் குறை சொல்லும் முன் டயரைப் பாருங்கள்

தாராபுரத்துக்கு அந்தப் பக்கமுள்ள ஒரு கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "கடன் போட்டு மின்சார லோடு ஆட்டோ வாங்கினேன். 32 பெட்டி தக்காளியை ஒட்டன்சத்திரம் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்புவேன். போக 48, வர 48 கிலோமீட்டர். ஒன்றரை வருஷமாக, வீடு வந்து சேர்ந்த பிறகும் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருக்கும். இப்போது வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே வண்டி நின்றுவிடுகிறது. பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். வண்டித் தவணையே இன்னும் முடியவில்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமா?"

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வெள்ளாமையில் சேர்ந்ததுதானே. அவரிடம் போனில் பேசினேன். பேட்டரிக்கு வாரண்டி இருக்கிறதா, எத்தனை மணி நேரம் சார்ஜ் போடுகிறார் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன் டயர்களை மாற்றியிருக்கிறார். தோட்டத்துக்குப் போகும் 600 மீட்டர் தடம் கரிசல் மண். மழை பெய்தால் சக்கரம் வழுக்கிச் சுற்றும். அதனால் மூன்று சக்கரத்துக்கும் பட்டன் டயர், அதுவும் ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டிருக்கிறார். வண்டி நின்றுபோக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரத்திலிருந்து டயர் வண்டிக்கு மாறியபோது, அதே ஜோடி மாடு கூடுதல் பாரம் இழுத்ததை நம் அப்பா, தாத்தா காலத்தில் பார்த்திருக்கிறார்கள். சக்கரம் மாறினால் இழுக்கிறவன் பாடும் மாறும். டயர் தரையில் படுகிற இடத்தில் நசுங்குகிறது, மேலே வந்ததும் நிமிர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இப்படி நசுங்கி நிமிர்வதற்கு ஆகும் சக்தி சூடாகப் போய்விடுகிறது. ஓடி வந்து நிற்கும் வண்டியின் டயரைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். பட்டன் டயரில் கனமான ரப்பர் கட்டைகள் தனித்தனியாக நிற்கின்றன. தார் ரோட்டில் ஒவ்வொரு கட்டையும் நெளிந்து நெளிந்து எழும். டிராக்டரை ரோட்டில் ஓட்டும்போது வரும் அந்த உறுமலை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தக்காளிப் பெட்டி ஒன்று 14 கிலோ என்றால் 32 பெட்டி 448 கிலோ. வண்டி, ஆள் எல்லாம் சேர்த்து 1,000 கிலோ என்று வையுங்கள். சமமான தார் ரோட்டில் இந்த எடையை உருட்ட, நல்ல டயர் என்றால் 12 கிலோ இழுவை போதும். கட்டை கனத்த டயரோ, காற்று குறைந்த டயரோ என்றால் அது 18 கிலோ வரை போகலாம். மண் தடத்தில் 50 கிலோ, புதை மணலில் 100 கிலோவுக்கும் மேல்.

ஆறு கிலோ வித்தியாசம்தானே என்று தோன்றும். பாரத்தோடு 48 கிலோமீட்டர், காலியாக 48 கிலோமீட்டர் ஓட்டி, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால், ஒரு நடைக்குச் சுமார் ஒன்றரை யூனிட் கூடுதலாகச் செலவாகிறது. நம் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். அவருடைய பேட்டரியே 7 யூனிட். பழைய டயரில் ஆறு யூனிட்டுக்குச் சற்று மேலே முடிந்த பயணம், இப்போது ஏழரையைத் தாண்டுகிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால் நிற்பதில் ஆச்சரியம் இல்லை. பேட்டரியும் வயதாகத் தேயும், மறுக்கவில்லை. ஆனால் அது மெல்ல மெல்லக் குறையும். டயர் மாற்றிய வாரத்தில் திடீரென்று விழாது.

டயர் பெரிதானதில் இன்னொரு குழப்பமும் உண்டு. சுற்றளவு 5 சதவீதம் கூடினால், வண்டி 100 கிலோமீட்டர் ஓடியிருக்க, மீட்டர் 95தான் காட்டும். மேடு ஏறும்போது மோட்டாருக்குப் பாரமும் கூடும். வண்டியோடு வந்த அளவை விட்டு மாறாதீர்கள்.

கடைக்காரர் டயரை எடுத்துப் போட்டதும் பக்கவாட்டைப் படியுங்கள். 4.50-10 என்று நடுவில் கோடு மட்டும் இருந்தால் நூல் குறுக்காக ஓடும் பழைய வகை. 145 ஆர் 12 என்பதுபோல 'ஆர்' எழுத்து இருந்தால் ரேடியல். உங்கள் ரிம்முக்கு அதே அளவில் ரேடியல் கிடைத்து, வண்டிக் கம்பெனியும் ஒத்துக்கொண்டால், அதை எடுக்கலாம்; உருளும் தடை குறைவு. 8 பி.ஆர். என்று போட்டிருந்த இடத்தில் விலை மலிவு என்று 6 பி.ஆர். வாங்காதீர்கள். அது பாரம் தாங்கும் அளவு. பூவேலை விஷயத்தில், நீளவாக்கில் கோடு ஓடும் டயர்தான் தார் ரோட்டுக்கு ஏற்றது. கடைசியாக நான்கு எண் இருக்கும். 3223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. நான்கைந்து வருஷம் குடோனில் கிடந்ததைப் புதுசு என்று தள்ளிவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். ஒன்று, புது டயர் போட்ட முதல் சில வாரங்கள் சார்ஜ் கொஞ்சம் கூடுதலாகவே போகும். ரப்பர் கனம் தேயத் தேயத் தடை குறையும். அதற்காக மொட்டை டயரில் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. மழையில் பிரேக் பிடித்தால் நிற்காது.

காசில்லாமல் செய்யக்கூடியது காற்று பார்ப்பது. வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டையில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கும். வாரம் ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடி வந்து சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் குறைந்துபோகும். உழவில் டிராக்டருக்குக் காற்றைக் குறைத்துப் பழகியவர்கள் இதிலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சேற்றில் அது பிடிப்பு, தார் ரோட்டில் அது சுமை. அட்டையில் உள்ளதற்கு மேலும் ஏற்றாதீர்கள். டயர் நடுவில் மட்டும் தேயும், பிடிப்பு குறையும்.

டயரில் குறையே இல்லை என்றால் பிரேக்கைப் பாருங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மூன்று சக்கரத்தின் டிரம் பக்கமும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் உரசுகிறது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினாலும் தெரிந்துவிடும்.

அந்த வாசகருக்கு நான் சொன்னது இதுதான்: ஒரு நாளில் நீங்கள் ஓடும் 96 கிலோமீட்டரில் கரிசல் தடம் போக வர ஒன்றேகால் கிலோமீட்டர்கூட இல்லை. அதற்காக மீதி தூரம் முழுக்கப் பட்டன் டயரைச் சுமக்காதீர்கள். தடத்தில் வழுக்குகிற இரண்டு பள்ளத்தில் கிராவல் கொட்டுங்கள். மழை நாளில் வண்டியை மேட்டிலேயே நிறுத்திப் பெட்டிகளை மாட்டு வண்டியில் கொண்டுவாருங்கள்.

பழைய டயர்களைத் தூக்கிப் போடாமல் மாட்டுக் கொட்டகையில் வைத்திருந்தார், நல்லவேளை. திரும்ப மாட்டி, காற்றும் சரிபார்த்துப் போய் வந்தார். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது 9 சதவீதம் மிச்சம் என்று போனில் சொன்னார். கிராவல் ஒரு டிப்பர் எவ்வளவு கேட்கிறார்கள் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.