எந்தப் பாகம் கிடைக்கவில்லை?
பழைய மின்னணு அளவைக் கருவிகளும் உதிரிப்பாகத் தேடலும்

முன்னுரை

கல்லூரிகளில் ஆண்டுக்கொரு முறை இருப்புச் சரிபார்ப்பு நடைபெறும். ஒரு துறையின் பொருள்களைப் பிறிதொரு துறையினர் சரிபார்ப்பது வழக்கம். அவ்வாறு இயற்பியல் ஆய்வகப் பொருள்களைச் சரிபார்க்கும் பணி சில ஆண்டுகளுக்கு முன் எமக்கு வாய்த்தது. நீக்கப்பட வேண்டியவை என மூன்று கருவிகள் பட்டியலில் இருந்தன. நம் நாட்டு நிறுவனம் ஒன்று செய்த அலைகாட்டி ஒன்று. சிக்னல் ஜெனரேட்டர் ஒன்று. இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஆவோமீட்டர் ஒன்று. மூன்றுக்கும் எதிரே எழுதப்பட்டிருந்த காரணம் ஒன்றே: 'உதிரிப்பாகம் கிடைக்கவில்லை'. தமிழாசிரியராகிய யாம் அதனை ஐயுறவில்லை, கையொப்பமிட்டோம். அலைகாட்டி முதலில் வெளியேறிற்று. அதனுடன் அதன் கையேடும் பழந்தாளோடு பழந்தாளாய்ச் சென்றது. மற்ற இரண்டும் அடுத்த முறைக்கெனக் கிடங்கில் கிடந்தன.

அதன்பின், எம் மாணவர் ஒருவரின் பாட்டனாரை அம்பத்தூரில் காணும் வாய்ப்பு நேர்ந்தது. தொழிற்பேட்டையின் சிறு ஆலைகளுக்கு அளவைக் கருவிகளைப் பழுதுநீக்கிக் கொடுத்தே முதுமை எய்தியவர் அவர். பேச்சிடையே நிகழ்ந்ததைக் கூறினோம். அவர் ஒன்றே கேட்டார்: "எந்தப் பாகம் கிடைக்கலையாம், தம்பி?"

எம்மிடம் விடையில்லை. அக்கேள்வியைக் கல்லூரியில் எவரும் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பெரியவரிடமும் பிறரிடமும் கேட்டறிந்தவற்றை மாணவர்க்குப் பயன்படும் வகையில் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேற்குப் புறநகரும் அளவைக் கருவிகளும்

சென்னையின் மேற்குப் புறநகர் தொழிலால் வளர்ந்த நிலம். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றியது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. ஆவடியில் 1961இல் நிறுவப்பட்ட கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இப்பெரிய ஆலைகளைச் சுற்றி, பூவிருந்தவல்லிச் சாலை வரையிலும், நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் எழுந்தன.

செய்த பொருள் சரியாக உள்ளதா என்பதை அளந்தே அறிய இயலும். நீளத்தை அளக்க அளவுகோல் போதும். கண்ணுக்குப் புலனாகாத மின்னோட்டத்தை அளப்பதற்கோ மின்னணு அளவைக் கருவிகள் வேண்டும். மல்டிமீட்டர் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றைக் கூறும். சிக்னல் ஜெனரேட்டர் வேண்டிய அலையை உண்டாக்கித் தரும். அலைகாட்டி அந்த அலையின் வடிவத்தையே திரையில் வரைந்து காட்டும். பழைய அலைகாட்டிகளில் அத்திரை, தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயைப் போன்றதொரு கண்ணாடிக் குழாயின் முகப்பாகும்.

இன்று புதிய எண்முறைக் கருவிகள் மலிவாகவே கிடைக்கின்றன. அங்ஙனமாயின் பழையவற்றை ஏன் பேண வேண்டும்? புதிய பணிகள் பலவற்றிற்குப் புதியனவே ஏற்றவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், பழைய கருவியைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். மாணவர் ஒருவர் சுற்றுப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மின்னோட்டத்தின் வழியைப் படிப்படியாகத் தொடர்ந்து செல்லலாம். கருவி அளப்பதற்கு மட்டுமன்றிக் கற்பதற்கும் உரியதாகிறது.

பாகங்களின் நால்வகை

'கிடைக்கவில்லை' என்னும் ஒரு சொல்லுக்குள் நான்கு வேறுபட்ட நிலைகள் அடங்கியுள்ளன.

முதலாவது, எங்கும் கிடைக்கும் பாகம். கண்டென்சர் எனக் கடைத்தெருவில் வழங்கும் மின்தேக்கி இவ்வகை. மின்பகு நீர்மம் கொண்ட மின்தேக்கிகள் காலப்போக்கில் உள்ளே உலர்ந்துவிடும். 1970களின் கருவிகள் பலவற்றில் உள்ள டாண்டலம் மின்தேக்கிகள் குறுக்கிணைப்பாகிவிடும். அப்போது மின்வழங்கி தாழ்ந்து, கருவி முழுதும் இறந்தது போலத் தோன்றும். உண்மையில் பழுது ஒரு சிறு மணியளவு பாகத்தில்தான். மாற்றும்போது கொள்ளளவு ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும்; தாங்கும் மின்னழுத்தம் பழையதற்குக் குறையாதிருக்க வேண்டும்; 105 பாகை வெப்பம் தாங்குவதாயின் நன்று. பழைய மின்தேக்கி பெரிதாகவும் புதியது சிறிதாகவும் இருப்பது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. கடையில் நெடுங்காலம் கிடந்த 'பழைய புதுச் சரக்கை' வாங்குவதுதான் தவறு. அதுவும் உலர்ந்திருக்கக் கூடும்.

இரண்டாவது, வேறு பெயரில் கிடைக்கும் பாகம். அமெரிக்காவின் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1946இல் தோன்றியது. அதன் 465 என்னும் அலைகாட்டி 1972இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. அந்நிறுவனத்தின் பாகப் பட்டியலில் 151-0190-00 என்றொரு டிரான்சிஸ்டர் உண்டு. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் எக்கடையிலும் 'இல்லை' என்பர். அஃது உண்மையில் 2என்3904 என்னும் சாதாரண டிரான்சிஸ்டரே. சில்லறைக் காசுக்குக் கிடைப்பது. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்துரைப்பது நிகண்டு என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். டிரான்சிஸ்டர்களுக்கும் நிகண்டுகள் உண்டு. டவர்ஸ் தொகுத்த டிரான்சிஸ்டர் தேர்வு நூல் அத்தகையது. இணை எண் காட்டும் பட்டியல்களும் உள. நிகண்டு அறியாதவர்க்குச் செய்யுள் இருண்டிருப்பது போல, இணை எண் அறியாதவர்க்குக் கடைத்தெரு வெறுமையாய்த் தோன்றும்.

மூன்றாவது, செய்துகொள்ளத்தக்க பாகம். உடைந்த குமிழ், முறிந்த பிளாஸ்டிக் தண்டு, தேய்ந்த பற்சக்கரம் முதலியன இவ்வகை. பழைய அலைகாட்டிகளில் பின்புறச் சுவிட்சை முன்புறத்திலிருந்து இயக்கும் நீண்ட தண்டு முறிந்துபோனால் கருவியே பயனற்றதாகக் கருதப்படும். கடைசல் பட்டறைகள் நிறைந்த அம்பத்தூரில் இதனைச் செய்து தர ஆளுக்கா பஞ்சம்? முறிந்த துண்டுகளை எறியாமல் கொண்டு செல்ல வேண்டும்; அவையே அளவு. இக்காலத்தில் முப்பரிமாண அச்சிலும் இவற்றை வார்த்துக்கொள்ளலாம்.

நான்காவது, உண்மையாகவே கிடைக்காத பாகம். அலைகாட்டியின் திரைக்குழாயும், நிறுவனம் தன் கருவிக்கென்றே தனியே உருவாக்கிய தொகுப்புச் சில்லும் இத்தகையன. இவற்றிற்கு இணையில்லை, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு பழுதுற்ற கருவியிலிருந்தே பெற இயலும்.

முதல் மூன்று வகையையும் நான்காவதாக எண்ணிக் கைவிடுவதே பெருந்தவறு. எம் கல்லூரி ஆவோமீட்டரின் கதை இதற்குச் சான்று. டொனால்ட் மெக்கடி என்னும் பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளரின் படைப்பாக 1923இல் அறிமுகமானது ஆவோமீட்டர். ஆம்பியர், வோல்ட், ஓம் என்பவற்றின் முதலெழுத்துகளே அதன் பெயர். அதன் எட்டாம் மாதிரி 1951 முதல் 2008 வரை செய்யப்பட்டது. அதனுள்ளே 1.5 வோல்ட் மின்கலம் ஒன்றும் 15 வோல்ட் மின்கல அடுக்கு ஒன்றும் உண்டு. பின்னது நம் கடைகளில் கிடைப்பதில்லை. ஆனால் அது மின்தடையின் உயர் வீச்சை அளப்பதற்கு மட்டுமே தேவை. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்க மின்கலமே வேண்டுவதில்லை! யாம் நீக்கக் கையொப்பமிட்ட அக்கருவி, அளவையில் பெரும்பகுதியைச் செவ்வனே செய்யும் நிலையில்தான் அன்றும் இருந்தது. பெரியவர், கார்ப் பூட்டின் ரிமோட்டுக்குப் பயன்படும் 12 வோல்ட் சிறு மின்கலத்தையும் 3 வோல்ட் வில்லை மின்கலத்தையும் தொடராக இணைத்தார். கூட்டினால் 15. முள் அசைந்தது.

தேடும் இடங்கள்

ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் புறப்படும் மின்சார ரயில்கள் சென்ட்ரலை அடுத்த மூர் மார்க்கெட் வளாகத்தில் சென்று நிற்கின்றன. 1900இல் திறக்கப்பட்டு 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பெயரை அவ்வளாகம் தாங்கி நிற்கிறது. பழைய நூல்களையும் பழம்பொருள்களையும் தேடுவோர்க்கு அது புகலிடமாயிருந்தது. மின்னணுப் பாகங்களைத் தேடுவோர் அங்கிருந்து அண்ணா சாலைப் பக்கம் சென்று ரிச்சி தெருவை அடைய வேண்டும். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எனச் சுற்றிலும் விரியும் அக்கடைத்தெருவில் மேற்கூறிய முதலிரு வகைப் பாகங்கள் பெரும்பாலும் கிடைக்கும்.

ஆங்கே மூன்று நெறிகளைப் பெரியவர் வலியுறுத்தினார். ஒன்று, பெயரைச் சொல்லிக் கேளாமல் பாகத்தையே கையில் கொண்டு சென்று காட்டுதல். இரண்டு, பெயர் மட்டும் மாற்றி அச்சிட்ட போலிச் சரக்கு உண்டாதலின் முதலில் ஒன்று மட்டும் வாங்கிச் சோதித்தல். 2என்3055 போன்ற திறன்மிகு டிரான்சிஸ்டர்களில் பெரிய உறைக்குள் சிறிய சில்லை வைத்து விற்பதும் உண்டு. மூன்று, பெரிய கடையில் 'இல்லை' என்றால் திரும்பிவிடாமல் பழுதுநீக்கும் சிறு கடைக்காரரைக் கேட்டல். விற்பவர் சரக்கை அறிவார். பழுதுநீக்குபவர் அதற்கு மாற்றை அறிவார்.

நான்காம் வகைப் பாகத்திற்குக் கருவிகள் கழிக்கப்படும் இடமே வழி. இங்குச் சட்டமும் கருதத்தக்கது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் ஆய்வகக் கருவிகளையும் உள்ளடக்குகின்றன. பெருமளவில் பயன்படுத்தும் நிறுவனங்கள் தம் மின்னணுக் கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர், புதுப்பிப்பவர் போன்றோரிடமே ஒப்படைக்க வேண்டும். காற்றும் நீரும் மாசுறாதிருக்க இது தேவையே. ஆயின், மறுசுழற்சிக்குச் சென்ற கருவி நொறுக்கப்பட்டுச் செம்பாகவும் இரும்பாகவும் பிரியும். அதிலிருந்து திரைக்குழாயை மீட்பதற்கில்லை. எனவே ஆராய வேண்டிய நேரம், கழிவு எனத் தீர்மானிக்கும் முன்னரே.

கையேடு என்னும் உரை

டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஓர் ஏட்டை மட்டும் நம்பவில்லை. ஊர் ஊராய் அலைந்து பல ஏடுகளைத் திரட்டினார். ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றால் நிரப்பினார். உரையின் துணைகொண்டு பாடத்தைத் தெளிந்தார். ஒரே வகையைச் சேர்ந்த இரு பழுதுற்ற கருவிகளிலிருந்து ஒரு நல்ல கருவியை உருவாக்குபவர் செய்வதும் அத்தகையதே. கருவிக்கு உரை அதன் கையேடு. டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் அக்காலக் கையேடுகளில் முழுச் சுற்றுப்படமும், இயங்கும் முறையும், ஒவ்வொரு பாகத்தின் பட்டியலும் இடம்பெற்றிருந்தன. அவற்றுள் பல இன்று இணையத்தில் படிகளாகக் கிடைக்கின்றன.

யாம் கைவிட்ட அலைகாட்டியின் கையேட்டையும் அவ்வாறே தேடினோம். இன்றளவும் எமக்குக் கிட்டவில்லை. அதில் எந்தப் பாகம் பழுதுற்றிருந்தது என்பதையும் இனி அறிவதற்கில்லை. உரை இழந்த நூலைப் பற்றி வகுப்பில் வருந்திப் பேசும் யாமே ஓர் உரையைப் பழந்தாளாக்கக் கையொப்பமிட்டோம் என்பதை இம்மலரில் பதிவு செய்வது எம் கடமை.

எச்சரிக்கை

ஆர்வம் மிகுந்த மாணவர்க்கு ஒரு சொல். அலைகாட்டியின் திரைக்குழாய்ப் பகுதியில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு. இணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆசிரியர் உடனில்லாமல் மூடியைத் திறத்தல் கூடாது. நெடுங்காலம் உறங்கிய கருவிக்கு நேரே மின்சாரம் கொடுக்காமல், பட்டறையாளர் 'சீரிஸ் பல்பு' என்று கூறும் தொடர் விளக்கின் வழியே கொடுத்தல் நன்று. உள்ளே குறுக்கிணைப்பு இருப்பின் விளக்கு பளிச்சென எரிந்து காட்டிக்கொடுக்கும், கருவி தப்பும்.

நிறைவுரை

ஆவோமீட்டர் இன்று ஆய்வகத்திற்குத் திரும்பியுள்ளது. சிக்னல் ஜெனரேட்டரில் மின்வழங்கியின் மின்தேக்கிகள் இரண்டு மாற்றப்பட்டன. அலையில் கலந்திருந்த இரைச்சல் நீங்கிற்று. இயற்பியல் துறை மாணவர் இருவர் பெரியவரின் மேற்பார்வையில் தாமே அதனைச் செய்தனர். பெரியவருக்குப் பார்வை மங்கி வருகிறது. பற்றவைக்கும் கருவியை இப்போது அவர் பிடிப்பதில்லை, அருகிலமர்ந்து சொல்கிறார். பாகங்கள் தீர்ந்துபோவதைக் காட்டிலும் அவற்றின் மாற்றை அறிந்தவர் அருகி வருவதே பெரிய இழப்பு என்பதை அக்காட்சி உணர்த்திற்று. அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் இத்தகைய முதியோர் இன்னும் உளர். அவர்தம் அறிவைக் கேட்டெழுதி வைப்பது இயற்பியல் மாணவரும் தமிழ் மாணவரும் இணைந்து செய்யத்தக்க ஆய்வுப்பணி.

கல்லூரிப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீக்கப்படும் பொருள்களின் பட்டியலில் மேலும் இரு கட்டங்கள் வரையப்பட வேண்டும். ஒன்று, 'எந்தப் பாகம்?', மற்றொன்று, 'எங்குத் தேடப்பட்டது?'. அவ்விரு கட்டங்களும் வெறுமையாயிருப்பின் யாம் இனிக் கையொப்பமிடுவதில்லை.