மூன்றாண்டுப் படிப்பு ஐந்தாண்டாவது ஏன்?

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பங்களை எதிர்கொள்ளும் முதற் கேள்வி, "பையனுக்குப் படிப்பு முடிந்துவிட்டதா?" என்பதாகத்தான் இருக்கிறது. திருநெல்வேலியாயினும் தஞ்சையாயினும் கேள்வி ஒன்றே. "அடுத்த ஆண்டு முடிந்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறோம். மறு ஆண்டும் அதே திண்ணை, அதே கேள்வி, அதே விடை. மும்பையிலும் அதன் புறநகர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இவ்விடையைச் சொல்லிச் சலித்தவர் பலரை நாம் அறிவோம். ஆதலின் இதைப்பற்றி இவ்விதழில் சற்று வெளிப்படையாக எழுத முற்பட்டோம்.

நம் பிள்ளைகள் மட்டுமே பின்தங்கிவிட்டனர் என்று எண்ண வேண்டுவதில்லை. செல்வம் மிக்க அமெரிக்காவிலேயே, நான்காண்டுப் பட்டத்தை எத்தனை பேர் முடித்தனர் என்று கல்லூரிகள் கணக்குக் காட்டும்பொழுது ஆறாண்டுகள் வரை பார்த்தே சொல்கின்றன. நம் நாட்டிலோ தாமதத்திற்குப் பெயர்கள் பல. தமிழ்நாட்டில் அதனை 'அரியர்' என்பர். வடக்கே 'பேக்' என்பர். மும்பைப் பிள்ளைகள் 'கே.டி.' என்பர்.

இந்தக் கே.டி. என்னும் ஈரெழுத்தைப் பெற்றோர் பலர் கேட்டிருப்பர். அது இயங்கும் முறையை அறிந்தவர் சிலரே. ஒரு பருவத்தில் ஓரிரு தாள்களில் தவறிய மாணவன், அவற்றைப் பின்னர் எழுதிக்கொள்ளலாம் என்ற இசைவோடு அடுத்த பருவத்திற்கு அனுப்பப்படுகிறான். கேட்பதற்கு இது பெருங்கருணையாகத் தோன்றும். உண்மையில் இது கடன் வாங்குவதைப் போன்றது. புதிய பருவத்தின் ஐந்தாறு தாள்களோடு பழைய இரண்டும் சேர, தேர்வுக் காலத்தில் ஒரே வாரத்தில் இரு பருவத்துப் பாடங்களைச் சுமக்க நேரிடுகிறது. அந்தச் சுமையில் புதிதாக ஒன்று தவறுகிறது. நிலுவை ஓரளவிற்கு மேற்பட்டால், மேல் வகுப்பிற்குச் செல்ல இயலாமல் ஓராண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். கடைசிப் பருவத்தில் நன்றாகத் தேறியவனுக்கும், கீழ்ப்பருவத் தாள் ஒன்று நிற்குமாயின் முடிவு நிறுத்திவைக்கப்படும். வகுப்புகளெல்லாம் முடிந்து, தோழர்கள் வேலைக்குச் சென்ற பின்பும், ஒரே ஒரு தாளுக்காக ஆறு திங்கள் காத்திருக்கும் இளைஞனை நம் தெருக்களில் காண்பது அரிதன்று.

பொறியியல் பயில்வோருக்கு அந்த ஒரு தாள் பெரும்பாலும் கணிதமாகவே அமைகிறது. 'எம்-3' என்று அவர்கள் அச்சத்தோடு குறிப்பிடும் மூன்றாம் பருவக் கணிதத்தில் லாப்லாஸ் உருமாற்றமும் ஃபூரியர் தொடரும் வருகின்றன. முதலாண்டுக் கணிதத்தை மனப்பாடத்தால் கடந்தவர் இங்கே தடுமாறுகின்றனர். "எங்கள் குலத்தில் கணக்கு வராதவர் இல்லை" என்று பெருமை பேசி, மொழியிலும் வரலாற்றிலும் நாட்டமுள்ள பிள்ளையைப் பொறியியலில் சேர்த்த தந்தையர் இதற்கு விடை சொல்லத்தான் வேண்டும்.

வணிகவியல் மாணவரின் நிலை வேறு. பி.காம். பட்டத்தோடு பட்டயக் கணக்காளர் தேர்விற்கும் படிப்பவர்கள், பகலெல்லாம் தணிக்கை அலுவலகத்தில் பயிற்சி பெறுகின்றனர். கல்லூரித் தாளைக் கடைசி வாரத்திற்குத் தள்ளுகின்றனர். எளிதென்று எண்ணிய தாளே காலை வாரிவிடுகிறது.

வேறொரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லும்பொழுது நமக்குச் சினமும் இரக்கமும் ஒருங்கே எழுகின்றன. தாராவி போன்ற இடங்களில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் தொடங்கிய பிள்ளைகள், மேற்படிப்பில் முழுதும் ஆங்கிலத்திற்கு மாறுகின்றனர். பொருளை அறிந்தும், அதனை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுத வராமையால் மதிப்பெண் இழக்கின்றனர். அவர்களிற் பலர் காலையில் கல்லூரி, மாலையில் கடை வேலை என்று இருப்பவர்கள். டோம்பிவலியிலோ கல்யாணிலோ குடியிருந்து தென்மும்பையில் படிப்பவர்க்கு மின்தொடர் வண்டியில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கழிகிறது. அந்த நெரிசலில் புத்தகம் பிரிக்க முடியுமா என்று கேட்பவர், ஒரு நாள் காலை எட்டு மணி வண்டியில் ஏறிப் பார்க்கட்டும்!

குற்றமெல்லாம் மாணவர் பக்கமே என்பதும் நேர்மையன்று. 2017-இல் மும்பைப் பல்கலைக்கழகம் விடைத்தாள்களைக் கணினித் திரையில் திருத்தும் முறையை ஒரே வீச்சில் புகுத்தியது. ஏறத்தாழ 17 இலட்சம் விடைத்தாள்கள். 45 நாட்களில் வரவேண்டிய முடிவுகள், ஆளுநர் குறித்த ஜூலை 31-ஐயும் கடந்து செப்டம்பர் வரை இழுத்தன. அவ்வாண்டு அக்டோபரில் துணைவேந்தர் பதவி நீக்கப்பட்டார். ஆனால் மேற்படிப்பு இடத்தை இழந்த மாணவனுக்கு அந்த ஆண்டை யார் திருப்பித் தருவார்? பீகாரின் மகதப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில், தேர்வே உரிய காலத்தில் நடைபெறாமையால் மூன்றாண்டுப் படிப்பு ஐந்தாண்டு ஆனதும் உண்டு. அங்கே அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வயது கடந்துவிடுமோ என்று அஞ்சி மாணவர் தெருவில் இறங்கினர்.

இடம் மாறி வாழும் நமக்கென்றே உரிய இடர் ஒன்றுண்டு. தந்தைக்கு மாற்றல் வரும். இடைநடுவில் பிள்ளை பல்கலைக்கழகம் மாறுவான். மைக்ரேஷன் சான்றிதழும் தகுதிச் சான்றிதழும் வர மாதங்கள் ஆகும். முன்பு படித்த பாடம் இங்குள்ள பாடத்திற்கு இணையன்று என்பார்கள். 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த கல்வி மதிப்பலகு வங்கி இதற்கு ஓரளவு துணை செய்யும். படித்து ஈட்டிய மதிப்பலகுகள் அதில் ஏழாண்டு வரை செல்லும். பிள்ளைகளின் பெயரில் கணக்குத் தொடங்கியுள்ளதா, மதிப்பலகுகள் முறையாக ஏறியுள்ளனவா என்று பெற்றோர் கேட்டறிவது நன்று.

இனி நம் நெஞ்சைத் தொட்ட ஒரு செய்தி. நம்மை நன்கறிந்த குடும்பம் ஒன்றில், மகன் மூன்று பருவங்களாக நிலுவைத் தாள்களை மறைத்து வைத்திருந்தான். தந்தையோ ஊரில் எல்லோரிடமும், "வருகிற ஆனியில் பொறியாளர் ஆகிவிடுவான்" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லே மகனின் வாயைப் பூட்டியது. அச்சத்தில் ஒரு பருவத்தின் தேர்வு விண்ணப்பத்தையே அவன் கட்டவில்லை. எழுதியிருந்தால் ஒருவேளை தேறியிருப்பான்; எழுதாமையால் அரையாண்டு உறுதியாகப் போயிற்று. தாமதத்தின் காரணங்களுள் நாம் மிகுதியும் அஞ்சுவது இதனையே. கணக்கு வராதவனுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் உண்டு. சொல்ல அஞ்சுகிறவனுக்கு யார் உதவ முடியும்?

விடைத்தாளின் படி கேட்டுப் பெறலாம் என்பதையும், மறுமதிப்பீட்டிற்கு முடிவு வெளியான சில நாட்களுக்குள்ளேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அவன் அறிந்திருந்தும் செய்யவில்லை. கட்டணம் கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடுமே! பட்டத்தை முடிக்கக் கால வரம்பு உண்டு என்பதையும் குடும்பத்தார் அறியவில்லை. குறித்த காலத்திற்கு மேல் இரண்டாண்டும், அரிதான நிலையில் மேலும் ஓராண்டும் தரலாம் என்பது மானியக் குழுவின் வழிகாட்டுதல். ஆயினும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திற்கும் தனி விதி உள்ளது. அதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதே தக்கது.

சென்ற ஆண்டு உண்மை வெளிப்பட்ட இரவு, அவ்வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று தாயார் நம்மிடம் சொன்னார். மறுநாள் காலை தந்தை அலுவலகத்திற்கு விடுப்புச் சொல்லிவிட்டு மகனோடு கல்லூரிக்குச் சென்று, விண்ணப்பச் சாளரத்தின் முன் வரிசையில் நின்றார். மாலையில், நம் சங்கத்து ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் அவனை அழைத்து வந்தார். "எம்பி வந்தானா, எங்கே விட்டான்?" என்று பெரியவர் கேட்க, "முதலாண்டு வகையீட்டிலேயே விட்டுவிட்டேன், ஐயா" என்றான் பையன். அங்கிருந்தே தொடங்கினார்கள்.

தேர்வு எழுதியாயிற்று. முடிவு இன்னும் வரவில்லை. தந்தை இப்பொழுதெல்லாம் அலுவலகம் செல்லுமுன் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார். ஊரிலிருந்து யாரேனும் கேட்டால், "இரண்டு தாள் நிற்கிறது" என்று சொல்கிறாராம்.