பீரைக் காப்பாற்றிய பூதக்கண்ணாடி

1871-ம் ஆண்டு. லண்டனில் உள்ள "விட்பிரெட்" பீர் ஆலைக்குப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் போனார். கொஞ்சம் ஈஸ்டை வாங்கி, மைக்ராஸ்கோப் என்ற பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்.

ஈஸ்ட் சரியில்லை என்று சொல்லிவிட்டார்!

அது உண்மைதான். பீரின் ருசி கெட்டுத்தான் போயிருந்தது.

ஒரு வாரம் கழித்து பாஸ்டர் மறுபடியும் போனார். அதற்குள் ஆலைக்கு ஒரு மைக்ராஸ்கோப் வந்துவிட்டது! கெட்ட ஈஸ்டையும் மாற்றிவிட்டார்கள்.

ஈஸ்ட் என்பது என்ன?

அது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர். முளைகட்டிய பார்லியின் சர்க்கரையைத் தின்னும். போதைச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். வேறு கிருமி கலந்தால் பீர் கெட்டுவிடும்.

வீட்டில் பீர்

இங்கிலாந்தில் வீட்டில் பீர் தயாரிக்க முன்பு லைசென்சு வேண்டும். 1963-ல் அது ரத்தானது. "ஏல்" என்ற பீரைப் பலர் வீட்டிலேயே தயாரிக்கிறார்கள்.

அதற்குத் தனி ஈஸ்ட் உண்டு. அது நுரையோடு மேலே திரளும். வேலை முடிந்ததும் அடியில் படியும். பீர் தெளியும்.

சுமார் 20 டிகிரி சென்டிகிரேடு சூடு போதும். கொதிக்கும் சாற்றில் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். நாள்பட்ட பொட்டலம் உதவாது. பாத்திரமும் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஈஸ்ட் நன்றாக இருந்தால்தான் பீர் நன்றாக இருக்கும். பாஸ்டர் காட்டிய பாடம் இதுதான்!