லம்பாம் மீனுக்கு என்ன இரை?



சுங்கை பூலோ என்றால் மலாய் மொழியில் மூங்கில் ஆறு என்று பொருள். ரப்பர் ஆய்வுக் கழகத்தின் சோதனைத் தோட்டத்துக்கும், 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்புக்கும் ஒரு காலத்தில் பெயர்பெற்ற ஊர் அது. இன்று பூச்செடி வாங்கவும் மருத்துவமனைக்கும் மக்கள் அங்கே வருகிறார்கள். மூங்கிலை வெட்டித் தணலில் வாட்டித் தூண்டில் கழி செய்தவர்களும் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் உண்டு. கழி தயார், நரம்பும் முள்ளும் தயார். அப்புறம் எழுவது ஒரே கேள்விதான். முள்ளில் எதைக் குத்துவது? இன்று அதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஐரோப்பாவில் ஆற்றுமீன் பிடிப்போர் பெரிதும் விரும்பும் மீன் ஒன்றுக்குப் பிரீம் என்று பெயர். தட்டையான உடம்பு, முதுகு உயர்ந்த வடிவம், சிறிய வாய், கூட்டமாக மேயும் பழக்கம். நம் நாட்டு ஆறுகளில் அந்த மீன் இல்லை. ஆனால் அதே கெண்டைக் குடும்பத்தில் பிறந்த உறவுக்காரன் ஒருவன் இங்கே இருக்கிறான். அவன்தான் லம்பாம். வெள்ளித் தகடு போன்ற உடம்பு, சிவந்த துடுப்புகள், முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டது போல ஒரு கறுப்பு, வாலின் இரு ஓரங்களிலும் கறுப்புக் கோடு. இது ஆற்று லம்பாம். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம் வரை வளரும். துடுப்பில் இவ்வளவு சிவப்பு இல்லாத ஜாவா லம்பாம் என்னும் இனமும் உண்டு. மீன் வளர்ப்போர் குளங்களில் விடுவது பெரும்பாலும் அதைத்தான்.

லம்பாமின் தாடையில் பல் கிடையாது. பற்கள் தொண்டையில் இருக்கின்றன. இலை, பாசி, கரையிலிருந்து விழும் பழம், பூச்சி ஆகியவையே அதன் ஆகாரம். குளத்தில் வளர்ப்பவர்கள் மரவள்ளி இலையைப் பறித்துப் போடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆகவே லம்பாமுக்கு இரை தேடுகிறவன் முதலில் தண்ணீரைப் பார்க்கக் கூடாது, அண்ணாந்து பார்க்க வேண்டும். கரையில் அத்திமரம் இருக்கிறதா? பழம் உதிர்கிறதா? தண்ணீர் மீது கிளை தாழ்ந்து நிற்கிறதா? பழம் தொப்பென்று விழும் இடத்தில் மீன் காத்திருக்கும்.

நாங்கள் தூண்டில் போடப் போவது சிலாங்கூர் ஆற்றுக்கு. சுங்கை பூலோவிலிருந்து கோலசிலாங்கூர் சாலையில் மேற்கே சென்று, ஈஜோக் வழியாகத் திரும்பினால் பெஸ்தாரி ஜெயா வரும். பழைய ஆட்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் தெரியும். அந்த வட்டாரத்தில் மீனுக்குப் பிடித்த பழம் அத்தி மட்டுமல்ல, செம்பனையும்தான். இதில் ஒரு வேடிக்கை. இந்த நாட்டில் வணிக அளவில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது அங்கேதான், 1917-ஆம் ஆண்டில். நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் தென்னமரம்! தமிழ்ப் பெயர் சூட்டிய தோட்டத்தில் ஆப்பிரிக்க மரத்தை நட்டார் பிரெஞ்சுக்காரர். அதன் பழத்தை ருசி பார்த்துப் பழகிக்கொண்டது நம் ஊர் மீன்.

நன்கு பழுத்துச் செம்மஞ்சளான உதிரிப் பழம்தான் வேண்டும். அதைச் சற்று வேகவைத்தால் சதை மிருதுவாகும். கத்தியால் ஒரு சீவல் எடுத்து முள்ளில் குத்துங்கள். பழத்தின் எண்ணெய் தண்ணீரில் மெல்லக் கசியும். தோட்டத்துப் பழத்தைக் கேட்காமல் எடுத்துவிடாதீர்கள். உதிரி என்றாலும் அதற்கு உரிமையாளர் உண்டு.

செம்பனை கிடைக்காவிட்டால் ரொட்டி போதும். ஓரத்தை நீக்கிவிட்டு, உள்ளே உள்ள வெண்மையை இரண்டு சொட்டு நீர் விட்டுப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்ட வேண்டும். அதிகம் பிசைந்தால் கல்லாகிவிடும். குறைவாகப் பிசைந்தால் வீசும்போதே கழன்று போகும். காதுமடலைத் தொட்டால் இருக்கும் பதம் என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். அவித்த மரவள்ளிக் கிழங்கைச் சிறு கட்டமாக நறுக்கிப் போடுவதும் உண்டு. மண்புழுவைப் போட்டால் லம்பாம் வராது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன் கெளுத்தி வந்துவிடும்.

வாய் சிறியது, முள்ளும் சிறியதாக இருக்கட்டும். தக்கை கனமாக இருந்தால் மீன் இழுப்பதை அது காட்டாது. லம்பாம் கொத்திக் கொத்திப் பார்க்கும், தக்கை நடுங்கும். அப்போது அவசரப்படாதீர்கள். தக்கை சாய்ந்து ஓடத் தொடங்கியதும் மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும். ஐரோப்பியப் பிரீமின் கதை வேறு. அது தலைகீழாகச் சாய்ந்து அடியிலுள்ள இரையை எடுத்து, பிறகு நிமிரும். ஈயக்குண்டின் பாரம் குறைவதால் தக்கை மூழ்காமல் மேலே எழும்பிப் படுத்துவிடும். பழக்கமில்லாதவன் மீன் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வானாம்.

ஒரு முறை விடிகாலையிலிருந்து பத்து மணி வரை எனக்கு ஒரு கொத்தும் கிடைக்கவில்லை. நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த என் அக்காள் மகன் அதற்குள் ஐந்து மீன் எடுத்துவிட்டான். அதே ரொட்டி, அதே முள். பொறுக்க முடியாமல் என்னடா மந்திரம் என்று கேட்டேன். “மாமா, உங்க கையைக் கொஞ்சம் மோந்து பாருங்க” என்றான். கொசுவுக்குப் பூசிய மருந்தெண்ணெய்! அந்தக் கையால்தான் ரொட்டியைப் பிசைந்திருக்கிறேன். மணலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வேறு ரொட்டி பிசைந்தேன். அரைமணி நேரத்தில் தக்கை ஆடியது.

மீனுக்கு வாசனை என்பது நீரில் கரைந்து வரும் பொருள். அதன் மூக்குத் துளைகள் மூச்சு விடுவதற்கு அல்ல, மோப்பத்துக்கு மட்டுமே. உணவிலுள்ள அமினோ அமிலங்கள் மிக மிகச் சிறிய அளவில் கரைந்திருந்தாலும் அதற்குத் தெரியும். போதாக்குறைக்கு உதட்டிலும் மீசையிலும் சுவை அரும்புகள் இருக்கின்றன. தேனீக்களை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், அதற்கு வெகு காலம் முன்பே, 1938-இல், கெண்டைக் குடும்பத்துச் சிறுமீன்களிடம் ஒன்றைக் கவனித்தார். ஒரு மீனின் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஏதோ ஒரு பொருள் நீரில் கலக்கிறது. அதை மோந்த கூட்டம் முழுவதும் கலைந்து ஓடுகிறது. ஆகவே பிடித்த மீனை உட்கார்ந்த இடத்திலேயே செதில் சீவி ஆற்றில் கழுவாதீர்கள். சற்றுக் கீழ்ப்புறமாகப் போய்ச் செய்யுங்கள்.

செவியும் கூர்மையானதே. இந்தக் குடும்பத்து மீன்களுக்குக் காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிற்றெலும்புகள் உண்டு. 1820-இல் வேபர் என்பவர் விளக்கியது. கரையில் தொம் தொம் என்று நடந்தால் கீழே செய்தி போய்விடும்.

பிடித்த மீனை என்ன செய்வது? லம்பாமில் முள் அதிகம். இரு பக்கமும் நெருக்கமாகக் கீறி மொறுமொறுவென்று பொரித்தால் சிறு முள் தெரியாது. பேராக் மாநிலத்தில் உப்பும் வறுத்த அரிசியும் சேர்த்துப் புளிக்கவைத்துப் பெக்காசாம் செய்கிறார்கள். எனக்குப் புளிக்குழம்பே போதும்.

சுங்கை பூலோ ஊருக்குள்ளேயே ஆறு ஓடும்போது ஏன் அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். போட்டுப் பார்த்திருக்கிறேன், நேயர்களே. வந்ததெல்லாம் தீலாப்பியா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானியர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்ததால் ஜப்பான் மீன் என்று பெயர் பெற்றது அது. தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என்பார்கள். அங்கே 1952-இல் போய்ச் சேர்ந்தது. தென் ஆப்பிரிக்கப் பக்கத்தில் அதையே பிரீம் என்று அழைப்பதும் உண்டு! அது கலங்கிய நீரையும் பிராணவாயு குறைந்த நீரையும் தாங்கிக்கொள்ளும். இரை விஷயத்தில் அலட்டிக்கொள்ளாது. பழமரம் நின்ற கரையில் சிமெண்டுச் சுவர் எழும்பினால் லம்பாமுக்கு அங்கே வேலை இல்லை, தீலாப்பியாவுக்குக் கவலையும் இல்லை. எந்த இரைக்கு எந்த மீன் வருகிறது என்பதை வைத்து அந்த ஆற்றின் உடல்நிலையை ஓரளவு ஊகித்துவிடலாம். சாக்கடை கலக்கும் இடத்தில் பிடித்ததை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

மின்சாரம் பாய்ச்சுவது, விஷம் கலப்பது, வெடி வைப்பது ஆகியவற்றை 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. இந்த வழிகளில் பிடிப்பவன் குஞ்சையும் சேர்த்துக் கொல்கிறான். ஆனால் வலையும் தூண்டிலும் இல்லாமலே ஆற்றைக் கெடுக்கிறவர்கள் உண்டு. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் கழிவு கலந்து, அதன் நாற்றம் சிலாங்கூர் ஆறு வரை வந்தது. நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் குழாயில் தண்ணீர் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடியில் குடியிருப்பவர் வாளியில் பிடிக்கும் நீரும், எங்கள் லம்பாம் நீந்தும் நீரும் ஒரே ஆற்று நீர் என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு என் மருமகன் ஒரு பழக்கம் வைத்திருக்கிறான். ஆற்றங்கரைக்குப் போனதும் முதலில் உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி மோந்து பார்க்கிறான். பிறகுதான் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கிறான்.