பாலர் கைக்கேற்ற பிசைபொருள்

மணலிற் சிற்றில் இழைத்து விளையாடுதல் நம் நாட்டுச் சிறார்க்கு இன்று நேற்று வந்த வழக்கமன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவமெனத் தனியொரு பருவமே வகுக்கப்பட்டுளது. மேனாட்டிலும், 1837-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து பிளாங்கன்பர்க் என்னும் ஊரிற் பாலர் கல்விச்சாலை நிறுவிய ப்ரொபெல் என்னும் பெரியார், களிமண் வனைதலைக் குழந்தைகளின் கைப்பயிற்சிகளுள் ஒன்றாகக் கொண்டார். பிசையுங்கால் விரல்கள் வலிமை பெறுகின்றன. மனத்திலுள்ள உருவம் கண்முன் தோன்றுகின்றது. பிழைத்ததை அழித்து மீண்டுஞ் செய்யலாமென்னும் துணிவும் பிறக்கின்றது. எனவே இவ்விளையாட்டின் பயனைக் குறித்து ஐயமில்லை. எப்பொருளைக் குழந்தையின் கையிற் கொடுப்பது என்பதே ஆராயத்தக்கது.

இதனை ஆராய்தல் ஏன் வேண்டுமெனின், சிறு குழந்தை கையாற் பற்றியதை வாயாலும் அறிய முயலும். பிசைபொருளோ மென்மையானது; எளிதிற் பிய்ந்து விழுங்கப்படுவது. இதுபற்றியே விளையாட்டுப் பொருள்களுக்கான சர்வதேச விதிகள், காட்மியம், பாதரசம் முதலிய சில உலோகங்களுக்கு, ஏனைய பொருள்களிலும் பிசைபொருளுக்குக் குறைந்த அளவையே வரம்பாக விதித்துள்ளன.

முதலாவது, குயவர் மண். விலையாலும் பயனாலும் இதற்கு நிகரானது அரிது. சாக்கடை, தொழிற்சாலை முதலியவற்றின் அருகே எடுத்த மண் ஆகாது. நல்ல மண்ணை ஓரிரவு நீரில் ஊறவைத்து, துணியில் வடித்து, கல்லும் முள்ளும் நீக்கிப் பிசைதல் வேண்டும். விரற்கனத் திரியாக உருட்டி வளைத்தால் வெடியாதிருப்பதே பதம். வெடித்தால் இன்னும் பிசைதல் வேண்டும். கையில் ஒட்டினால் சிறிது உலர விடுதல் வேண்டும். உலர்ந்த களிமண் தூசியிலுள்ள நுண்ணிய மணற்சத்து நுரையீரலுக்குத் தீங்கு செய்வதாகலின், விளையாடிய இடத்தைத் துடைப்பத்தாற் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதே முறை.

இரண்டாவது, மாவுப்பிசை. சின்சினாட்டி நகரிற் சுவர்க்காகிதத்தின்மேற் படிந்த கரிப்புகையைத் துடைத்தற்கென்று செய்யப்பட்ட ஒருவகைப் பிசை, பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் அதனைத் தம் மாணாக்கர்க்குக் கொடுத்துப் பார்த்ததனால், 1956-ஆம் ஆண்டில் ‘பிளே-டோ’ என்னும் விளையாட்டுப் பொருளாக வெளிவந்தது. இத்தகையதை வீட்டிலேயே செய்யலாம். மைதா இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, நீர் இரண்டு பங்கு, சிறிது எண்ணெய், சிறிது எலுமிச்சஞ்சாறு ஆகியவற்றைக் கலந்து, ஒட்டாமல் திரளும்வரை சிறு தீயிற் கிளறி இறக்குதல் வேண்டும். இங்ஙனம் வேகவைத்தல் இன்றியமையாதது. பச்சை மாவிற் சால்மொனெல்லா முதலிய நோய்க்கிருமிகள் இருத்தல் கூடும். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பச்சை மாவைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்தலாகாதென எச்சரித்தது. உப்பு மிகுந்திருத்தலால், இதனைத் தின்னும் வழக்கமுள்ள குழந்தையிடம் விட்டகலுதல் பெருந்தவறு. கோதுமை ஒவ்வாத குழந்தைக்கு அரிசிமாவிற் செய்து கொடுக்கலாம். பூஞ்சணம் பூத்ததும் எறிந்துவிடுதல் வேண்டும்.

மூன்றாவது, ‘பிளாஸ்டிசின்’ போன்ற மெழுகுக்களி. இங்கிலாந்து தேசத்து பாத் நகரிற் சிற்பம் கற்பித்த வில்லியம் ஹார்பட் என்பார், உலராத களிமண்ணொன்று தம் மாணவர்க்கு வேண்டுமென்று கருதி 1897-ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். சுண்ணச்சத்தும் எண்ணெய்ப்பசையும் கலந்தமையால் இது உலர்வதில்லை, பலநாள் பயன்படும். ஆயினும் சற்றே இறுகியிருத்தலின், சிறு விரல்கள் சோர்வடையும். ஆசிரியர் முதலிற் கையில் வைத்து இளக்கிக் கொடுத்தல் நலம்.

அடுப்பிற் சுட்டு இறுகச்செய்யும் பிளாஸ்டிக் களியும், வெண்காரங் கலந்த வழவழப்புப் பசையும் பாலர்க்கு உரியன அல்ல.

கடையில் வாங்குவோர் பெட்டியின் அழகை நோக்காது, எவ்வயதினர்க்கு உரியதென்னும் குறிப்பையும், ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நோக்குதல் வேண்டும். நம் நாட்டில் பதினான்கு வயதிற்குட்பட்டோர்க்கான விளையாட்டுப் பொருள்களுக்கு அம்முத்திரை 2021 ஜனவரி முதற்கொண்டு கட்டாயமாக்கப்பட்டது. கடுமையான மணமும், கையிற் பற்றும் சாயமும் உள்ளவற்றை ஒதுக்குதல் நன்று.

சுருங்கக் கூறின், இரண்டு மூன்று வயதினர்க்கு வேகவைத்த மாவுப்பிசையும், நான்கைந்து வயதினர்க்குக் களிமண்ணும், அதற்கு மேற்பட்டோர்க்கு மெழுகுக்களியும் ஏற்றனவாம். எதுவாயினும் அருகில் ஒருவர் இருத்தலும், முடிவில் கைகழுவுதலும் வேண்டும். இக்கல்லூரியிற் பயின்று ஆசிரியராகச் செல்வோர் பலர். சிற்றூர்ப் பள்ளியிற் பணமில்லையே என்று அவர்கள் வருந்த வேண்டுவதில்லை. வடித்த களிமண்ணும், ஒரு குடம் நீரும், பொறுமையுள்ள ஆசிரியரும் இருப்பின், அங்கே குழந்தைகளின் கைகள் சோம்பியிரா.