உரியும் பூச்சும் தேயும் பூச்சும்

ஏப்ரலில் வெயில் தலைகாட்டியதும் இங்கிலாந்துக் கடைகளில் வேலிப் பூச்சு டப்பாக்களுக்குக் கிராக்கி வந்துவிடும். குளிர்காலம் முழுக்க மழையில் நனைந்த பின்தோட்டத்து மரவேலி, ஒருபுறம் வெளிறியும் மறுபுறம் பச்சைப் பாசி படர்ந்தும் நிற்கும். ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வீடு வாங்கிய தமிழருக்கும் இந்த வேலை தப்பாது. டப்பா வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தை. கூடவே ஒரு கேள்வியும் கேட்டுக்கொண்டால் பின்னால் பல சனிக்கிழமைகள் மிச்சம்: இந்தப் பூச்சு நாளைக்கு எப்படிக் கெடும்?

கெடாத பூச்சு என்று ஒன்று கிடையாது. பெயிண்ட் மரத்தின் மேல் ஒரு தோலாகப் படிகிறது. ஸ்டெயின் எனப்படும் சாயம் மரத்துக்குள் ஊறுகிறது. முதலாவது உரியும், இரண்டாவது தேயும். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் அடுத்த முறை வேலை அரை நாளில் முடியுமா, ஒரு வாரம் இழுக்குமா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

வீட்டுச் சுவரில் அடித்த பலகைக்கு உள்பக்கமாவது காய்ந்திருக்கும். வேலிக்கு உள்பக்கமே இல்லை. இரு முகமும் நனைகின்றன, அடி மண்ணைத் தொடுகிறது, ஆணி ஓட்டையிலும் அறுத்த முனையிலும் தண்ணீர் இறங்குகிறது. ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். உள்ளே போன நீர் ஆவியாகி வெளியேற வழி தேடும்போது பெயிண்ட் தோல் குறுக்கே நிற்கிறது. கொப்புளம் கட்டி, வெடித்து, செதில் செதிலாக உரிகிறது. உரிந்ததன் மேல் புதுப் பெயிண்ட் நிற்காது. சுரண்ட வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பலகைமேல் பலகை படிந்த ஆறடி வேலித் தட்டியின் இடுக்குகளில் இதைச் செய்து பார்த்தவர்கள் மறுபடி பெயிண்ட் பக்கம் போவதில்லை. ரோஜாக் கொடி படர்ந்த வேலியென்றால் சுரண்டுவது நடக்காத காரியம்.

ஸ்டெயின் மெதுவாக வெளிறும். பாசியைக் கழுவி, காயவிட்டு, மேலேயே இன்னொரு பூச்சு கொடுத்தால் போதும். அதற்காக, நிறமே இல்லாத வார்னிஷ் இன்னும் நல்லதோ என்று நினைத்துவிடக் கூடாது. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. அதைத் தடுப்பது எண்ணெய் அல்ல, அதில் கலந்த நிறமிதான். கண்ணாடி போன்ற வார்னிஷ் வெயிலை உள்ளே விட்டுவிடும். அடியிலுள்ள மரம் பொடிந்துபோக, மேல் படலம் பிடிமானமில்லாமல் கழன்றுவிடும்.

தேய்ந்து அழகாக முதுமையடையும் பூச்சைப் பார்க்க வேண்டுமென்றால் சுவீடனுக்குப் போக வேண்டும். அந்த நாட்டுக் கிராமத்து மரவீடுகளும் கொட்டகைகளும் வேலிகளும் ஒரே மாதிரி அடர் செந்நிறத்தில் இருக்கும். ஃபாலுன் என்ற ஊரின் தாமிரச் சுரங்கத்திலிருந்து பிறந்த நிறம் அது. தாது எடுத்தபின் குவித்துப்போட்ட கழிவுக் கல் பல காலம் மழையிலும் வெயிலிலும் கிடந்து, அதிலுள்ள இரும்பு துருவேறும். அதைக் கழுவிச் சூளையில் வறுத்தால் செந்தூள். தண்ணீரில் ரை என்ற தானியத்தின் மாவைக் கூழாகக் காய்ச்சி, அதில் இந்தத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் கலக்கிறார்கள். கூழ் பூஞ்சை பிடிக்காமலிருக்க, நம் நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று விற்கும் இரும்பு சல்பேட்டும் சேரும். ஏறக்குறைய சமையல்தான்.

தொடக்கத்தில் செங்கல் மாளிகை போலத் தோன்ற வேண்டும் என்ற ஆசையில் பணக்காரர்கள் பூசினார்கள். 19ஆம் நூற்றாண்டுக்குள் குடியானவர் வீடுகளுக்கும் வந்துவிட்டது. 1764 முதல் தொழில்முறையில் தயாராகிறது. சுரங்கத்தை 1992இல் மூடிவிட்டார்கள், 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கழிவுக் குன்றிலிருந்து பெயிண்ட் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இது மரத்தை மூச்சுவிட விடுகிறது, உரிவதில்லை, மேற்பரப்பு மட்டும் பொடியாக உதிர்கிறது. மறுபூச்சுக்கு முன் ஒரு விறைப்பான பிரஷ்ஷால் தட்டிவிட்டால் சரி. குறைகளும் உண்டு. இழைத்து வழவழப்பாக்கிய மரத்தில் இது ஒட்டாது, அறுத்தபடியே சொரசொரப்பாக இருக்க வேண்டும். சாய்ந்து நின்றால் சட்டையில் செம்மண் அப்பும். பந்து விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு யோசிக்க வேண்டிய விஷயம்.

பிரிட்டனின் பழைய விடை வேறு: கிரியோசோட். நிலக்கரித் தாரிலிருந்து வடித்த, மூக்கைத் துளைக்கும் பழுப்பு எண்ணெய். ரயில் தண்டவாளக் கட்டைக்கும் தந்திக் கம்பத்துக்கும் ஊற்றியதையே வேலிக்கும் பூசினார்கள். புற்றுநோய் அபாயம் கருதி 2003இல் பொதுமக்களுக்கு விற்பது தடைசெய்யப்பட்டது.

இப்போது கடையில் வாங்கும் கம்பங்களில் தெரியும் லேசான பச்சைக்குப் பின்னால் ஓர் இந்தியர் இருக்கிறார். 1930களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம், தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் கலந்து மரம் காக்கும் மருந்தை உருவாக்கினார். தாமிரம் பூஞ்சையைக் கொல்லும், ஆர்செனிக் பூச்சியைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மரத்துக்குள் கட்டிப்போடும். உலகமெங்கும் பரவிய அந்த முறை, ஆர்செனிக் பயத்தால் 2003 இறுதியோடு அமெரிக்க வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கப்பட்டது, ஐரோப்பாவும் கட்டுப்படுத்தியது. இன்றைய மருந்துகளில் ஆர்செனிக் இல்லை, தாமிரம் தொடர்கிறது, பச்சையும் தொடர்கிறது. பழைய பச்சைக் கட்டைகளை மட்டும் அடுப்பில் போடக் கூடாது. சாம்பலில் விஷம் இருக்கும்.

அழுத்தத்தில் மருந்தேற்றிய மரம் கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஈரமாக இருக்கும். உடனே பூசினால் பூச்சு உள்ளே இறங்காது. சில வாரமோ சில மாதமோ காயவிட்டு, பலகைமேல் சில துளி நீர் தெளித்துப் பார்க்கலாம்: முத்து முத்தாக நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும், உறிஞ்சினால் டப்பாவைத் திறக்கலாம். அறுத்த முனைகளுக்கு இரண்டு மடங்கு கவனம் தேவை; நீர் அதிகம் புகும் வாசல் அதுதான். அண்மைக் காலமாகக் கறுப்பு, அடர்சாம்பல் வேலிகள் மோஸ்தராகிவிட்டன. அந்தப் பின்னணியில் செடிகொடிகள் எடுப்பாகத் தெரிவது உண்மைதான். தெற்கு பார்த்த வேலியில் கறுப்பு வெப்பத்தை வாங்கி, பைன் பலகையைத் திருகவும் பிசினை வெளியே தள்ளவும் செய்யும் என்பதும் உண்மை. ஓக், செஸ்ட்நட், சிவப்புச் சீடார் போன்ற மரங்களின் வைரத்தில் கட்டிய வேலியென்றால் எதுவுமே பூசாமல் வெள்ளிச் சாம்பலாக விட்டுவிடலாம். பணம் கையோடு இருக்கும்.

குளத்தில் மீன் வளர்ப்பவர்கள் லேபிளைப் படிக்காமல் பூசக் கூடாது. வேலிக்கான பல மருந்துகள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு.

இத்தனையும் முடிவு செய்தபின் இன்னொரு தடங்கல் வரலாம். வீட்டுக்கு இடப்பக்க வேலி நமது, வலப்பக்கம் அடுத்தவருடையது என்று இங்கிலாந்தில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. பத்திரத்தின் வரைபடத்தில் எல்லைக்கோட்டை ஒட்டி ‘டி’ (T) என்ற எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ, பொதுவாக அந்தப் பக்கத்தாருக்கே பொறுப்பு. அடுத்த வீட்டாருடைய வேலியென்றால், இந்தப் பக்கம் பார்க்கும் முகத்தைக்கூட அவர் சம்மதமில்லாமல் பூச முடியாது. சம்மதம் கிடைத்தாலும் ஸ்ப்ரேயைவிட பிரஷ் நல்லது; நீர்த்த ஸ்டெயின் இடுக்கு வழியே அந்தப் பக்கம் தெறித்துக் கோடு கோடாக வழியும்.