'ஹேவ் எ பால்': பந்தும் இல்லை, பாலும் இல்லை

"வீ ஹேட் எ பால்!" ஆங்கிலப் பேச்சில் அடிக்கடி வரும் தொடர். தமிழில் எழுதினால் பால் குடித்த மாதிரி இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பந்து வந்துவிடும். இரண்டும் இல்லைங்க. "ரொம்ப ஜாலியா இருந்தோம்" என்பதுதான் பொருள்.

இந்த 'பால்' என்பது நடன விருந்து. ஆடுவதைக் குறிக்கும் 'பல்லாரே' என்ற பிற்கால லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'பாலே' நடனமும் அதே குடும்பம். பந்தைக் குறிக்கும் சொல்லுக்கு வேர் வேறு. ஒலியில் மட்டும் ஒன்றாகிவிட்டது. நடன விருந்து 'நன்றாக மகிழ்ந்திருத்தல்' ஆனது, 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சு வழக்கில்.

தமிழிலும் மகிழ்ச்சிக்கும் ஆட்டத்துக்கும் உறவு உண்டு. ஆனால் தொனி மாறும். வேதாந்த மடத்துக்குப் பேர்போன எங்கள் கோவிலூரில் 'ஆனந்தம்' பெரிய சொல். நடராசர் ஆடுவது ஆனந்தத் தாண்டவம். அதையே மனுசன் ஆடினால் "கூத்தடிக்கிறான்", "ஆட்டம் போடுறான்" என்று திட்டாகிவிடும்!

இங்கேதான் சிக்கல். காரைக்குடிக் கல்யாணத்துக்கு வந்துபோன சிங்கப்பூர்ப் பேரன், "வீ ஹேட் எ பால்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவர், "நல்லா ஆட்டம் போட்டாங்களாம்" என்று அப்பத்தாவிடம் சொன்னால் என்ன ஆகும்? "கல்யாண வீட்டுல என்னடா ஆட்டம்?" என்று அப்பத்தா முகம் சுருங்கும். பேரன் சொன்னது நன்றி. போய்ச் சேர்ந்தது புகார்.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை:

'எ' கட்டாயம். 'தி' போட்டால் நிஜப் பந்தாகிவிடும்.

பன்மையாக்கக் கூடாது. கொச்சையான வேறு பொருள் வந்துவிடும்.

நண்பர்கள், வீட்டார் பேச்சுக்குச் சரி. அலுவலகக் கடிதத்துக்கு ஒட்டாது.

நடக்கப்போவதற்கும் சொல்லலாம். ஊருக்குக் கிளம்புகிறவரிடம் "ஹேவ் எ பால்" என்றால், "ஜாலியா இருந்துட்டு வாங்க" என்று வாழ்த்துவது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ஜாலி'யும் கடன் வாங்கிய ஆங்கிலம்தான். நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது. "பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்!" என்கிறோமே, அதற்குள்ளும் ஓர் ஆட்டம் இருக்கிறது, திட்டு இல்லாமல். அப்பத்தாவிடம் அதைச் சொல்லுங்கள்.